டிரெட்மில் தவணையே முடியவில்லை, அதற்குள் அடுத்த மெஷினா?

கேள்வி: வயது 41. தவணையில் வாங்கிய டிரெட்மில்லுக்கு இன்னும் எட்டு மாதம் பாக்கி. அதில் நடப்பது மாதத்துக்கு இரண்டு மூன்று நாள்தான். ஜிம்முக்கு ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு அங்கேயும் போவதில்லை. இப்போது சுவரில் மாட்டும் தசைப் பயிற்சி மெஷின் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். திரையிலேயே பயிற்சியாளர் வந்து சொல்லித்தருவார். விலை எங்கள் ஜிம்மின் 40 மாதக் கட்டணம் அளவு, சந்தா மாதத்துக்கு அரை மாத ஜிம் கட்டணம். 24 மாதத் தவணை, 12 சதவீத வட்டி. எனக்குக் கடன் கிடைக்காததால் அண்ணன் தன் பெயரில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். மெஷின், டம்பெல், ஜிம், எது லாபம்?

பதில்: தசைக்கு இந்த மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். பாரத்தைப் படிப்படியாகக் கூட்டி, விடாமல் செய்தால் எதில் செய்தாலும் வளரும். மெஷின் என்றால் தனியாகச் செய்பவருக்குக் கொஞ்சம் பாதுகாப்பு. டம்பெல் மலிவு, கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

உங்கள் பணம் கரைவது வேறு இடத்தில். "காசு கட்டிவிட்டால் செய்துதானே ஆகவேண்டும்" என்று முதலில் கடனை வாங்குகிறீர்கள், உடற்பயிற்சி அப்புறம் வரும் என்று நம்புகிறீர்கள். இரண்டு முறை வரவில்லை. உங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். அமெரிக்க ஜிம்களை ஆராய்ந்து டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு தடவைக்கு 10 டாலர் வீதம் சீட்டு வாங்கிப் போயிருக்கலாம். மாதச் சந்தா கட்டியவர்களுக்கோ, போன நாட்களை வைத்துப் பார்த்தால், தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆகியிருந்தது.

சரி, தோராயமாகக் கணக்குப் போடுவோம். ஒரு மாத ஜிம் கட்டணத்தை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் 40. விற்பவர் சொல்லும் 12 சதவீதம் முழுத் தொகைக்கும் போடும் நிலையான வட்டி என்றால், இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 10-ஐ நெருங்கும். அசல் மாதாமாதம் குறைவதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி 21, 22 சதவீதம். மூன்று வருடச் சந்தா 18. ஆக மொத்தம் 68. அதே மூன்று வருடத்துக்கு ஜிம் 36தான். வீட்டில் இரண்டு பேர் ஒழுங்காகப் பயன்படுத்தினால் மெஷின் கட்டுப்படியாகும், அதை மறுக்கவில்லை. ஆனால் டிரெட்மில்லில் இன்னொருவர் ஏறியதாகவே நீங்கள் எழுதவில்லையே!

வட்டியில்லாத் தவணை என்று வேறொரு கடைக்காரர் ஆசை காட்டினாலும் ரொக்க விலையை முதலில் கேளுங்கள். செயலாக்கக் கட்டணமும், கிடைக்காமல் போகும் தள்ளுபடியும்தான் பல நேரம் அங்கே வட்டி.

அண்ணன் பெயரில் கடன் வேண்டவே வேண்டாம். ஒரு தவணை தவறினால் கெடுவது அவருடைய கடன் மதிப்பெண், அதோடு உங்கள் உறவும். உங்களுக்கே கடன் தர மறுக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

டிரெட்மில்லை இப்போதே விற்றுவிடுங்கள். வைத்திருக்க வைத்திருக்க விலை இறங்கும், பெல்ட்டுக்கு எண்ணெய், மோட்டார் பழுது என்று செலவும் வரும். வரும் பணத்தில் கடனை அடையுங்கள், முன்கூட்டி முடிக்கக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிட்டு. புது மெஷினுக்குத் தவணையும் சந்தாவுமாக மாதம் இரண்டரை ஜிம் கட்டணம் கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா? அதைத் தொடர் வைப்பில் போடுங்கள். முதல் மாதத்தில் கொஞ்சம் எடுத்து ஒரு ஜோடி டம்பெல் வாங்கலாம், ரொக்கத்துக்கு. ஜிம் சூழல்தான் வேண்டுமென்றால், ஏற்கெனவே கட்டிய ஆண்டு முடியும்வரை அங்கேயே போங்கள். அதற்குப் பிறகு மாதக் கட்டணம் மட்டும். வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, அதற்கு இது தாராளம்.

ஆறு மாதம் இப்படி ஓடிய பிறகும் சுவர் மெஷின் மீது ஆசை இருந்தால் சேர்ந்த பணத்தோடு போய்ப் பாருங்கள். சந்தாவை நிறுத்தினால் அதில் எதெல்லாம் வேலை செய்யும் என்பதை மட்டும் விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.