"காலை உணவு சாப்பிடும் பிள்ளைகள் அதிக மதிப்பெண் பெறுகிறார்கள்": இது எந்த வகைக் கூற்று? மாறி, ஏற்புடைமை எல்லாம் ஏன் இவ்வளவு குழப்புகிறது?

நீங்கள் கேள்வியில் கொடுத்த தலைப்புச் செய்திக்குக் கடைசியில் வருகிறேன். மூன்று வகைக் கூற்று, நான்கு வகை ஏற்புடைமை என்று மனப்பாடம் செய்தும் கேள்வித்தாளைப் பார்த்தால் எதுவும் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஒட்டவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. உளவியல் படித்தவன் நான். ஆய்வு முறைகள் தாளில் எப்படியோ தேறிவிட்டேன். பாடம் புரிந்தது என்னவோ புராஜெக்ட் வைவா (வாய்மொழித் தேர்வு) அன்றைக்குத்தான், அதுவும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு.

என் புராஜெக்ட் தலைப்பு: "கைபேசிப் பயன்பாடு கல்லூரி மாணவியரின் தூக்கத்தைக் கெடுக்கிறது". அக்கா மகள் தங்கியிருந்த விடுதியில் 60 பெண்களுக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பினேன். தினமும் எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறீர்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், அவ்வளவுதான். போன் கூடக் கூடத் தூக்கம் குறைவதாகக் கணக்கு வந்தது. ஸ்பைரல் பைண்டிங் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர். முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை.

"கெடுக்கிறதுன்னு போட்டிருக்கீங்களே தம்பி, யார் கையிலேருந்தாவது போனைப் பிடுங்கிப் பார்த்தீங்களா?"

"இல்ல சார்."

"தூக்கம் வராததாலதான் அந்தப் பொண்ணுங்க போனை எடுக்கிறாங்கன்னு நான் சொன்னா?"

என்னிடம் பதில் இல்லை.

"இதை நீங்க எடுத்தது எந்த மாசம்?"

"ஏப்ரல் சார்."

"செமஸ்டர் பரீட்சை. நோட்ஸ் எல்லாம் வாட்ஸ்அப்ல வரும், அதனால போனும் கையில இருக்கும். பயத்துல தூக்கமும் வராது. ரெண்டுக்கும் காரணம் பரீட்சைதான்னா உங்க தலைப்பு என்ன ஆகும்?"

அதோடு விட்டாரே என்று நிம்மதியாக இருந்தது. ஏனென்றால் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அக்கா மகள் ஃபார்மில் "2 மணி நேரம்" என்று போட்டிருந்தாள். அதை நிரப்பிய அன்று மாலையே அவள் போன் செட்டிங்கில் ஸ்கிரீன் டைமைத் திறந்து பார்த்தால் 6 மணி 40 நிமிடம். மற்ற 59 பேர் போட்டதும் அந்த லட்சணத்தில்தான் இருந்திருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் பாடம் மொத்தமும் இருக்கிறது. கூற்று என்பது ஆய்வு செய்தவர் கடைசியில் சொல்லும் வாக்கியம். அதன் வகையை அதன் வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். "விடுதிப் பெண்களில் பாதிப் பேர் நள்ளிரவுக்குப் பிறகுதான் தூங்குகிறார்கள்" என்றால் ஒரே ஒரு மாறி. எவ்வளவு என்பதுதான் விஷயம்; இது அளவுக் கூற்று. "அதிகம் போன் பார்ப்பவர்கள் குறைவாகத் தூங்குகிறார்கள்" என்றால் இரண்டு மாறிகள் சேர்ந்து நகர்கின்றன; இது தொடர்புக் கூற்று. "கெடுக்கிறது", "கூட்டுகிறது", "உண்டாக்குகிறது" என்று வந்துவிட்டால் ஒன்று மற்றதை அசைக்கிறது என்று அர்த்தம்; இது காரணக் கூற்று. நான் செய்த ஆய்வு இரண்டாவது வகை. தலைப்பு மட்டும் மூன்றாவது.

மாறி என்பதற்கு "மாறக்கூடியது" என்று எழுதினாலே மதிப்பெண் கிடைக்கும். அதிலேயே நிற்க வேண்டாம். என் ஆய்வில் பால் ஒரு மாறி இல்லை, அறுபது பேரும் பெண்கள். அங்கே அது மாறிலி. முக்கியமான பிரிவு வேறு இடத்தில் இருக்கிறது: ஆய்வாளர் சும்மா அளந்த மாறியா, தானே கை வைத்து மாற்றிய மாறியா? போன் நேரத்தை நான் அளந்தேன், மாற்றவில்லை. கை வைத்து மாற்றிய மாறி ஒன்றாவது இல்லாமல் "கெடுக்கிறது" என்ற சொல்லைத் தொடுவதற்கே நமக்குத் தகுதி மிகக் குறைவு.

அடுத்தது ஏற்புடைமை. சில புத்தகங்களில் செல்லுபடித்தன்மை என்று இருக்கும், இரண்டும் ஒன்றே; ஆங்கிலத்தில் வேலிடிட்டி. வேலிடிட்டி என்றதும் நமக்கு ரீசார்ஜ்தான் ஞாபகம் வருகிறது. 28 நாள் இருக்கும், அப்புறம் போய்விடும். பாதிக் குழப்பம் அந்த நினைப்பிலிருந்து வருகிறது என்பது என் சந்தேகம். "இந்த ஆய்வுக்கு வேலிடிட்டி உண்டா, இல்லையா?" என்று கேட்டால் பதிலே கிடையாது. ஒரே ஆய்வு ஒரு கூற்றைத் தாங்கும், இன்னொரு கூற்றைத் தாங்காது. நான்கு ஏற்புடைமையும் அந்தக் கூற்றைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள்: அளந்தது நீங்கள் பெயர் வைத்த சங்கதியைத்தானா (கருத்தமைவு), இவர்களிடம் கண்டது மற்றவர்களுக்கும் பொருந்துமா (புற), எண்கள் எவ்வளவு உறுதி (புள்ளியியல்), வேறு காரணம் எதுவும் உள்ளே புகுந்துவிடவில்லையே (அக).

இதை ஒரு நிஜ ஆய்வில் பார்த்தால்தான் மனதில் நிற்கும். மார்ஷ்மெல்லோ (பஞ்சு போன்ற ஒரு மிட்டாய்) சோதனையை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த வீடியோ வராத வருடமே இல்லை.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் பிங் நர்சரி பள்ளியில், 1960-களின் கடைசியிலிருந்து வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் செய்தது. நான்கு வயதுக் குழந்தை, ஒரு மேசை, அதில் ஒரு தின்பண்டம். "நான் வெளியே போய்விட்டு வருகிறேன். அதுவரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும். முடியவில்லை என்றால் மணியடி, உடனே வருவேன், ஆனால் ஒன்றுதான்." அதிகபட்சக் காத்திருப்பு பெரும்பாலும் 15 நிமிடம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: "எந்தக் குழந்தை பிற்காலத்தில் ஜெயிக்கும்" என்று கண்டுபிடிக்க இதை ஆரம்பிக்கவே இல்லை. தின்பண்டம் கண்ணில் படுவது காத்திருப்பை என்ன செய்கிறது என்பதுதான் ஆரம்பக் கேள்வி. சில குழந்தைகள் முன்னால் தட்டு அப்படியே இருந்தது, சிலருக்கு மறைத்து வைக்கப்பட்டது. யாருக்கு எது என்பதை முடிவு செய்தவர் ஆய்வாளர். 1970-ல் வெளியான முடிவுப்படி, பண்டம் கண்ணில் படாத குழந்தைகள் சராசரியாக 11 நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். உடனே கிடைப்பது, காத்திருந்தால் கிடைப்பது இரண்டும் கண்ணெதிரே இருந்தவர்கள் ஏறத்தாழ ஒரே நிமிடம். "கண்ணில் படுவது காத்திருப்பைக் குறைக்கிறது" என்பது காரணக் கூற்று. அதற்குத் தேவையானது இந்த ஆய்வில் இருக்கிறது. வீட்டில் முறுக்கு டப்பாவை மேல் தட்டில் ஏற்றி வைக்கும் பாட்டிக்கு இதைச் சொன்னால் சிரிப்பார் என்பது வேறு விஷயம்.

பிறகு, அந்தக் குழந்தைகள் வளர்ந்ததும் மிஷல் குழு அவர்களைத் தேடிப் போனது. யூயிச்சி ஷோடா, மிஷல், பீக் மூவரும் 1990-ல் எழுதிய கட்டுரையில்தான் பிரபலமான அந்தத் தொடர்பு வருகிறது: நான்கு வயதில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பதும், பிறகு கல்லூரி நுழைவுக்கு எழுதிய எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணும். ஒட்டுறவுக் கெழு (இரண்டு மாறிகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் எண்; 0 என்றால் நேர்கோட்டுத் தொடர்பு இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) மொழிப் பகுதிக்கு 0.42, கணிதப் பகுதிக்கு 0.57. உளவியலில் இதெல்லாம் பெரிய எண்கள்.

இங்கே கூற்றின் வகை மாறிவிட்டதைக் கவனியுங்கள். அதே அறை, அதே பிள்ளைகள். ஆனால் காத்திருப்பு நேரம் இப்போது அளக்கப்பட்ட மாறி, மதிப்பெண்ணும் அளக்கப்பட்ட மாறி. யாரும் எதையும் மாற்றவில்லை. இது தொடர்புக் கூற்று. அந்த எண்கள் எத்தனை பேரிடமிருந்து வந்தன தெரியுமா? 1968 முதல் 1974 வரை சோதனையில் கலந்துகொண்டவர்கள் 653 பேர். இந்த ஒட்டுறவுக்கு உதவியவர்கள் 35 பேர். பண்டம் கண்ணெதிரே இருந்து, எந்த யோசனையும் சொல்லித்தரப்படாத நிலையில் காத்திருந்து, பிறகு மதிப்பெண்ணும் அனுப்பியவர்கள் அவ்வளவுதான். மாதிரி சிறியது, உண்மையான தொடர்பு இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம் என்று அந்தக் கட்டுரையிலேயே எச்சரித்திருந்தார்கள். அதை யார் படித்தார்கள்? "பொறுமை கற்றுக்கொடுங்கள், பிள்ளை முன்னேறும்" என்று மேடைகளில் காரணக் கூற்றாகவே அது ஊர் சுற்றியது. என் புராஜெக்ட் தலைப்பு செய்த அதே தவறு, உலக அளவில்.

2018-ல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவ்னான் குவான் மூவரும் 918 குழந்தைகளின் தகவலை எடுத்துப் பார்த்தார்கள். ஸ்டான்ஃபோர்டைச் சுற்றியிருந்த படித்த வீட்டுப் பிள்ளைகளோடு நிற்காமல், அம்மா கல்லூரி முடிக்காத குடும்பங்களில் அதிகம் கவனம் வைத்தார்கள். தொடர்பு இருந்தது, பழைய அளவில் பாதியாக. குடும்பப் பின்னணி, சின்ன வயதிலேயே இருந்த அறிவுத்திறன், வீட்டுச் சூழல் மூன்றையும் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது. அந்தத் தேர்வாளர் என்னிடம் "பரீட்சை" என்றாரே, அந்த மூன்றாவது ஆள் இங்கே குடும்பப் பின்னணி. இன்னொன்றும் சொன்னார்கள்: 15 வயது மதிப்பெண்ணில் தெரிந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி, முதல் 20 நொடியைத் தாண்டினார்களா இல்லையா என்பதிலேயே அடங்கிவிட்டது. இருபது நொடி! அதற்கு மேல் காத்திருந்ததால் பெரிதாக எதுவும் கூடவில்லை.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 2013-ல் வெளியான சின்ன ஆய்வு. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் வெறும் 28 குழந்தைகளை வைத்துச் செய்தது. மார்ஷ்மெல்லோவுக்கு முன்னால் குழந்தையை ஒரு படம் வரையும் வேலையில் உட்கார வைத்தார்கள். மேசையில் பழைய கிரேயான்கள். "கொஞ்சம் பொறு, நல்லதாகக் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போவார். 14 குழந்தைகளுக்கு நிஜமாகவே புதிய செட் வந்தது. மற்ற 14 பேரிடம் வெறுங்கையோடு திரும்பி, "மன்னிச்சுக்கோ, இருக்குன்னு நினைச்சேன், இல்லை" என்றார். ஸ்டிக்கரிலும் இதே கதை. அதன் பிறகு மார்ஷ்மெல்லோ. சொன்னதைச் செய்தவரைக் கண்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். முழு 15 நிமிடமும் தாண்டியவர்கள் முதல் குழுவில் 14-ல் 9 பேர், ஏமாந்த குழுவில் 14-ல் ஒரே ஒருவர்.

இப்போது கருத்தமைவு ஏற்புடைமைக் கேள்வியைக் கேளுங்கள். "சுயக்கட்டுப்பாடு" என்பது கண்ணுக்குத் தெரியாத சங்கதி. அதை அளக்க மிஷல் வைத்த செயல்முறை வரையறை (எதை எண்ணினால் அதை அளந்ததாகும் என்ற விளக்கம்) "மணியடிக்கும் வரை ஆன நிமிடங்கள்". அந்த நிமிடங்களில் கட்டுப்பாடு எவ்வளவு, "இவங்க சொன்னா செய்வாங்களா" என்ற குழந்தையின் கணக்கு எவ்வளவு? கொடுக்கிறேன் என்று சொல்லிக் கொடுக்காத பெரியவர்களோடு வளரும் குழந்தை, கையில் இருப்பதைச் சட்டென்று வாயில் போட்டுக்கொள்வது அறிவான முடிவுதானே? மிஷலே 1958-ல், டிரினிடாட் தீவின் ஆப்பிரிக்க, இந்திய வம்சாவளிக் குழந்தைகளிடம் "இன்றைக்குச் சின்ன மிட்டாயா, அடுத்த வாரம் பெரிய மிட்டாயா" என்று கேட்ட கட்டுரையை வெளியிட்டிருந்தார். அப்பா வீட்டில் இல்லாத குழந்தைகள்தான் உடனே கிடைக்கும் சின்ன மிட்டாயை அதிகம் கேட்டார்கள்.

28 குழந்தைகள் போதுமா என்று நீங்கள் கேட்கலாம், சற்று முன்னால் 35-ஐக் குறை சொன்னேனே. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இங்கே எந்தக் குழந்தை எந்தக் குழுவுக்கு என்பதைச் சமவாய்ப்பு முறையில் (குலுக்கல் போல) பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கும் இடையே இருந்த இடைவெளியும் ஒன்பது நிமிடம். "நம்பிக்கை காத்திருப்பைப் பாதிக்கிறது" என்ற கூற்றை அது நன்றாகவே தாங்கும். "அமெரிக்கக் குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருப்பார்கள்" என்று இதே ஆய்விலிருந்து யாராவது சொன்னால் தாங்காது. அது எவ்வளவு என்ற வகைக் கூற்று; அதற்கு முதலில் கேட்க வேண்டியது புற ஏற்புடைமை, அதில் இந்த ஆய்வு பலவீனம். காரணக் கூற்றுக்கு அக ஏற்புடைமை உயிர். அதற்காகப் புற ஏற்புடைமையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள். உங்கள் புத்தகத்தில் நான்கையும் சம அளவில் பத்தி பிரித்துப் போட்டிருப்பதால் இது தெரியாமல் போகிறது.

இனி உங்கள் தலைப்புச் செய்தி. "காலை உணவு சாப்பிடும் பிள்ளைகள் அதிக மதிப்பெண் பெறுகிறார்கள்". வினைச்சொல் "பெறுகிறார்கள்", "தருகிறது" இல்லை. மாறிகள் இரண்டு: காலை உணவு, மதிப்பெண். இரண்டும் அளக்கப்பட்டவை. எனவே தொடர்புக் கூற்று. ஐந்து மதிப்பெண் கேள்வியாக இருந்தால் மூன்று வரி சேருங்கள்: காலை உணவு என்று எதைக் கணக்கெடுத்தார்கள் (டீயும் இரண்டு பிஸ்கட்டும் சேருமா?), எத்தனை பிள்ளைகள், தொடர்பு எவ்வளவு பலம். அக ஏற்புடைமையை இங்கே இழுக்காதீர்கள், இந்தக் கூற்று அதைக் கேட்கவில்லை. அதே செய்தியை "காலை உணவு மதிப்பெண்ணைக் கூட்டுகிறது" என்று மாற்றிக் கேட்டால் மட்டும், வீட்டு வருமானம் என்ற மூன்றாவது ஆளை உள்ளே விட்டு, யாருக்கு உணவு என்பதைச் சமவாய்ப்பில் பிரித்தார்களா என்று கேளுங்கள்.

என் வைவா என்ன ஆயிற்று என்றால், தேர்வாளர் தன் பேனாவால் "கெடுக்கிறது" என்பதை அடித்து, தலைப்பை "கைபேசிப் பயன்பாட்டுக்கும் தூக்க நேரத்துக்கும் உள்ள தொடர்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஸ்கிரீன் டைம் கதையை அவரிடம் கடைசி வரை சொல்லவில்லை.