பழைய பார்க்கர் துப்பாக்கியில் கை வைக்கலாமா?

கேள்வி: 1920-களில் அமெரிக்காவின் பார்க்கர் நிறுவனம் செய்த இரட்டைக்குழல் ஷாட்கன் (ரவைத் துப்பாக்கி) ஒன்றை உரிமத்தோடு வாங்கியிருக்கிறேன். அதன் 12 கேஜ் (குழல் துளையின் அளவு) குழல்கள் இரண்டும் ஃபுல் சோக் உடையவை; அதாவது ரவைகள் அதிகம் சிதறாமல் நெருக்கமாகப் போக, குழல்வாய் குறுக்கப்பட்டிருக்கிறது. குழல்களின் எஃகுக்கு ஏற்றிய நீலநிற மெருகு மங்கிவிட்டது. தோளில் பதியும் பின்கட்டை எனக்குக் குட்டையாகவும் தாழ்வாகவும் இருக்கிறது. பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டுக்காக இவற்றையெல்லாம் மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத எதையும் செய்யாதீர்கள். பார்க்கர் துப்பாக்கிகளின் உற்பத்தி இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு நின்றுவிட்டதால், சேகரிப்பாளர்கள் தேய்ந்த பழைய மெருகையே புதுப்பூச்சைவிட மேலாக மதிக்கிறார்கள். நீலநிறம் ஏற்றுவதில் வேறோர் ஆபத்தும் உண்டு: இன்று பெரும்பாலான பட்டறைகளில் செய்யப்படும் சூடான உப்புக்கரைசல் முறை, இரு குழல்களையும் நடுப்பட்டையையும் இணைத்திருக்கும் ஈயப்பற்றைத் தின்றுவிடுவதால், பளபளப்போடு திரும்பிவரும் துப்பாக்கியின் பட்டை சில நாட்களில் கழன்றுகொள்ளக்கூடும்.

சோக்கைக் கடைந்தால் எடுத்த எஃகு எடுத்ததுதான். கழற்றி மாற்றக்கூடிய திருகுவகை சோக் பொருத்தவோ குழல்வாய்ச் சுவரில் போதிய கனம் வேண்டும். பழைய குழல்களில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. ரவைகள் விரைவில் விரியும்படி செய்யப்பட்ட 'ஸ்ப்ரெடர்' தோட்டாக்கள் உங்கள் தேவையைத் துப்பாக்கியைத் தொடாமலே நிறைவேற்றும். எஃகு ரவைகளை மட்டும் இதில் சுடவே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று இவற்றைவிட முக்கியமானது. அக்காலத் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை, இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டாவுக்குக் குட்டையானது. தோட்டாவின் நீளம் வெடித்து விரிந்த நிலையில் அளக்கப்படுவதால், அது அறைக்குள் எளிதாகப் போய்விடும். சுடும்போதுதான் அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் கூடுகிறது. ஆகவே முதல் தோட்டாவுக்கு முன்பே அறையின் நீளத்தையும் குழல்சுவரின் கனத்தையும் தேர்ந்த துப்பாக்கிப் பணியாளரிடம் அளந்துகொள்ளுங்கள். அறை குட்டையாக இருந்தால், அதை நீட்டிக் கடைவதைவிட அதற்கேற்ற குறைந்த அழுத்தத் தோட்டாக்களை வாங்குவதே சரி.

பின்கட்டைக்குத் தோல் உறையும், கன்னம் பதியும் இடத்தில் கட்டிக்கொள்ளும் திண்டும் போதும். விற்கும் நாளில் கழற்றிவிடலாம். உங்கள் துப்பாக்கியின் குழல் ஏற்கெனவே வெட்டப்பட்டோ கட்டை மாற்றப்பட்டோ இருப்பது சோதனையில் தெரியவந்தால், சேகரிப்பு மதிப்பு போய்விட்டது என்று கொள்ளலாம். அப்போது, குழலின் கனம் இடங்கொடுக்கும் அளவுக்கு, உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.