15,000 ரூபாய்க்குள் ஆடியோ சர்க்யூட்களைச் சோதிக்க என்னென்ன கருவிகள் வாங்கலாம்?

4440, டிடிஏ2030 என்ற ஐசிகளை வைத்து ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) போர்டுகள் செய்து பார்ப்பதாகச் சொல்லி, முதலில் சிக்னலின் அலை வடிவத்தைத் திரையில் காட்டும் டிஜிட்டல் ஆசிலோஸ்கோப் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், ஸ்கோப்பைக் கடைசியாக வாங்குங்கள். முதல் செலவு, கணினிக்குள் ஒலி சிக்னலை வாங்கவும் வெளியே கொடுக்கவும் உதவும் 24 பிட் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸாக இருக்கட்டும்.

காரணம் எளிது. 0.1 சதவீத டிஸ்டார்ஷன் (ஆம்ப் சேர்க்கும் சிதைவு) என்றால் சிக்னலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விலை குறைந்த ஸ்கோப்கள் பெரும்பாலும் 8 பிட். திரையின் முழு உயரத்தையும் 256 படிகளாகத்தான் பிரிக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு அதில் ஒரு படிக்குள்ளேயே மறைந்துபோகும். 1 சதவீத டிஸ்டார்ஷன் இருந்தால்கூட சைன் அலை திரையில் அழகாகத்தான் தெரியும். பெஹ்ரிங்கர் யூஎம்சி202எச்டி, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் மாதிரியான இன்டர்ஃபேஸ்களோ இதைவிட மிக நுணுக்கமாக அளக்கும். பழையது கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம். கூடவே ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். சைன் அலையை அதுவே உருவாக்கும். ஆம்ப் வழியாகத் திரும்பி வரும் சிக்னலில் எந்த ஹார்மோனிக் (மூல அதிர்வெண்ணின் மடங்காக வரும் சிதைவு) எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். லேப்டாப்பின் ஹெட்செட் ஜாக் இதற்கு உதவாது. அது மோனோ மைக்குக்கானது, மைக்குக்கான டிசி வோல்டேஜும் அதில் இருக்கும்.

வாங்கியதும் இன்டர்ஃபேஸின் அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே ஒரு கேபிளால் இணைத்து அளந்து பாருங்கள். அதில் வருவது கருவியின் சொந்த டிஸ்டார்ஷன். உங்கள் ஆம்ப் அதைவிட நன்றாக இருந்தாலும் இந்தக் கருவியால் காட்ட முடியாது.

அப்புறம், ஆம்ப் அவுட்புட்டை நேராக இன்டர்ஃபேஸில் செருகாதீர்கள். 4 ஓம் லோடில் 19 வாட் என்றால் கிட்டத்தட்ட 8.7 வோல்ட் ஆர்எம்எஸ், உச்சத்தில் 12 வோல்ட்டுக்கு மேல். தொடரில் ஒரு 10 கே ரெசிஸ்டர், அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு 1 கே. சிக்னல் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைந்து சுமார் 0.8 வோல்ட் வரும். அந்த 1 கே-க்குக் குறுக்கே இரண்டு 5.1 வோல்ட் ஜீனர்களை (வோல்டேஜ் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் டயோடுகள்) எதிரெதிராகப் போட்டால், ஆம்ப் பழுதாகி அவுட்புட்டில் டிசி வந்தாலும் இன்டர்ஃபேஸ் தப்பிக்கும். சில ரூபாய் செலவுதான். இதைச் செய்யாமல் ஒரு அளவுகூட எடுக்க வேண்டாம்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. 4440-ஐ பிரிட்ஜ் முறையில் (இரண்டு சேனலும் சேர்ந்து ஒரே ஸ்பீக்கரை இயக்கும்படி) இணைத்திருந்தால் ஸ்பீக்கரின் இரண்டு வயரில் எதுவுமே கிரவுண்ட் இல்லை. டிடிஏ7297, பிஏஎம்8403 போர்டுகளும் இப்படித்தான். இன்டர்ஃபேஸிலிருந்து ஆம்ப் இன்புட்டுக்குப் போகும் வயரால் இரண்டின் கிரவுண்டும் ஏற்கெனவே ஒன்றாகியிருக்கும். அந்த நிலையில் ஸ்பீக்கர் மைனஸை இன்டர்ஃபேஸின் கிரவுண்டில் தொட்டால் ஆம்பின் ஒரு பாதி ஷார்ட் ஆகும். லேப்டாப் பேட்டரியில் ஓடினாலும் இது மாறாது. ஸ்பீக்கரின் இரண்டு முனைகளுக்கும் மேலே சொன்ன 10 கே, 1 கே டிவைடரைத் தனித்தனியாகப் போட்டு, இன்டர்ஃபேஸின் பேலன்ஸ்டு இன்புட்டுக்குக் (இரண்டு வயருக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் எடுப்பது) கொடுங்கள்.

ஸ்பீக்கரை வைத்து அளக்காதீர்கள். அதன் இம்பீடன்ஸ் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும், வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்தச் சத்தம் தொல்லை. அதற்குப் பதிலாக லோடாக வைக்க, அலுமினிய உறை போட்ட 50 வாட் ரெசிஸ்டர், 4 ஓம் அல்லது 8 ஓம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். ஹீட்சிங்க்கில் இறுக்கிப் பயன்படுத்துங்கள்.

மல்டிமீட்டரில் கொஞ்சம் கவனம் தேவை. மஞ்சள் நிற டிடி830 வகையில் ஏசி ரேஞ்ச் 200 வோல்ட்டில்தான் தொடங்கும். ஆடியோ சிக்னலுக்கு அது பயன்படாது. ஏசி மில்லிவோல்ட் ரேஞ்ச் உள்ள ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டராகப் பாருங்கள். எந்த அதிர்வெண் வரை சரியாகக் காட்டும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். 400 ஹெர்ட்ஸ் வரைதான் என்றாலும் பரவாயில்லை. 200 ஹெர்ட்ஸ் சைன் கொடுத்து, மீட்டர் காட்டும் வோல்ட்டேஜை மென்பொருளில் பதிந்துவிட்டால், அதற்குப் பிறகு திரையில் வருவதெல்லாம் உண்மையான வோல்ட்.

ஹம் (விடாத உறுமல்) வந்தால் மென்பொருளில் ஸ்பெக்ட்ரமைப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் ஓங்கி நின்றால் முதல் சந்தேகம் பவர் சப்ளை ரிப்பிளில் (டிசியில் மிஞ்சி நிற்கும் ஏற்ற இறக்கம்). ஃபில்டர் கெப்பாசிட்டரைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் ஓங்கினால் கிரவுண்ட் லூப்பாகவோ (கருவிகளின் கிரவுண்ட் இரண்டு வழியில் இணைவது) டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஓடும் இன்புட் வயராகவோ இருக்கலாம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் அது குறைந்தால் பழி உங்கள் சர்க்யூட் மேல் இல்லை.

ஸ்கோப் எதற்கு என்றால், காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஆம்ப் தானாகவே ஆசிலேட் ஆகிறதா என்று பார்க்க. சிக்னல் இல்லாமலே ஐசி சுடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மெகாஹெர்ட்ஸ் அளவில் நடப்பதை இன்டர்ஃபேஸ் காட்டாது. டிஎஸ்ஓ138 என்ற மலிவான ஸ்கோப் கிட்டும் 200 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதனால் மிச்சப் பணத்தை வைத்துக்கொண்டு காத்திருங்கள்; கல்லூரி லேப்களிலிருந்து கழித்த 20 அல்லது 30 மெகாஹெர்ட்ஸ் சிஆர்ஓ (பழைய பிக்சர் டியூப் வகை ஸ்கோப்) பழைய சாமான் சந்தைக்கு வருவதுண்டு. வாங்கும்போது அரை மணி நேரம் ஓடவிட்டு, கோடு மெல்லியதாக நிற்கிறதா, இரண்டு சேனலும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.