ஆயா முதலில் இறங்கட்டும்: பள்ளிப் பேருந்து கேள்வி-பதில்

பள்ளி திறந்ததும் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஏறுவது, இறங்குவது பற்றித்தான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட், இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

பஸ் வருவதற்கு எவ்வளவு நேரம் முன்னால் குழந்தையோடு ஸ்டாப்பிங்கில் நிற்க வேண்டும்?
*ஒரு தாய், நாமக்கல்*

5 நிமிடம் போதும். அதற்கு மேல் நின்றால் பிள்ளைகள் விளையாடத் தொடங்கிவிடுவார்கள். தாமதமாகக் கிளம்பினால் ஓடி வருவார்கள், அது இன்னும் மோசம். தார் ரோட்டின் விளிம்பிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். பஸ் முழுதாக நின்று, கதவு திறந்து, ஆயா இறங்கிக் கை நீட்டிய பிறகுதான் பிள்ளை முன்னால் போக வேண்டும்.

எங்கள் வீடு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். மாலையில் பஸ் நின்றதும் நான் கேட்டில் நின்று கூப்பிடுவேன். யு.கே.ஜி. படிக்கும் மகள் தானாகவே வந்துவிடுவாள். இரண்டு வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை. இப்போது வந்திருக்கும் புது ஆயா, நான் அந்தப் பக்கம் வந்து நின்றால்தான் இறக்கிவிடுவேன் என்று அடம் பிடிக்கிறார். டிரைவரும் ஹாரன் அடிக்கிறார். பள்ளியில் புகார் செய்யலாமா?
*ஒரு தாய், ஆத்தூர்*

செய்யாதீர்கள் அம்மா. அந்த ஆயாவுக்கு நன்றி சொல்லுங்கள். உங்கள் பிள்ளையின் உயிரை உங்களைவிட அவர் கவனமாகப் பார்த்துக்கொள்கிறார். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. இந்த ஒரு பழக்கத்தை எதிர்த்துத்தான் பல வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒவ்வொரு ஊரிலும் இதுதான் நடக்கிறது.

நீங்கள் எதிர்ப்பக்கம் நின்று கூப்பிடும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு அம்மாவின் முகம் தெரிந்துவிட்டால் நடுவில் இருக்கும் ரோடு கண்ணில் படாது. நேராக உங்களை நோக்கி வரும். நிற்கும் பஸ்ஸோ ஒரு சுவர் மாதிரி மறைக்கிறது. பஸ்ஸுக்கு வலப்புறம் ஏறி வரும் பைக்காரருக்குக் குழந்தை தெரியாது, குழந்தைக்கு அவர் தெரியமாட்டார். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் பைக் ஒரு நொடியில் சுமார் 14 மீட்டர் தாண்டும். பள்ளி பஸ்ஸின் நீளமே ஏறக்குறைய 10 மீட்டர்தான். பிள்ளை பஸ்ஸின் மூக்கைத் தாண்டித் தலையை நீட்டும் நேரத்தில் பிரேக் பிடிக்க இடமே இல்லை. அந்தப் பைக்காரர் நிதானமானவராக இருந்தாலும் கதை இதுதான்.

இரண்டு வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வரி எனக்கு வரும் கடிதங்களில் எத்தனை தடவை இருக்கிறது தெரியுமா! இரண்டு வருடமும் அந்த நொடியில் வண்டி வரவில்லை, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. பஸ் கதவு இருக்கும் பக்கம் நீங்கள் முன்கூட்டியே வந்து நிற்க வேண்டும். ஆயா முதலில் இறங்குவார், பிள்ளையின் கையை உங்கள் கையில் கொடுப்பார். விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள்; விரல் நழுவும். பஸ் போகட்டும். ரோடு இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிந்த பிறகு சேர்ந்து கடக்கலாம். பைக்கை எதிர்ப்பக்கம் ஸ்டார்ட்டிலேயே வைத்துக்கொண்டு "வா வா" என்று கையசைக்கும் அப்பாக்களுக்கும், ஃபோன் பேசிக்கொண்டே தலையாட்டும் தாத்தாக்களுக்கும் இதே பதில்தான்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, நகர முடியாது என்றால் பக்கத்து வீட்டு அக்காவையோ பெரியம்மாவையோ ஏற்பாடு செய்து, அவர் பெயரையும் ஃபோன் எண்ணையும் பள்ளியில் எழுதிக் கொடுங்கள். பட்டியலில் இல்லாத ஆளிடம் பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது. யாருமே வரவில்லையா, பிள்ளை பஸ்ஸிலேயே இருக்கட்டும். டிரிப் முடிந்து பள்ளிக்கே திரும்பட்டும். அங்கே நீங்கள் போய் அழைத்துக்கொள்ளலாம்.

பள்ளி நிர்வாகிகளுக்கும் இதில் ஒரு வார்த்தை. ரூட் போடும்போதே யார் வீடு எந்தப் பக்கம் என்று பார்த்தால் பாதித் தொல்லை தீரும். போகும்போது இடது பக்க வீடுகள், திரும்பும்போது மற்ற பக்க வீடுகள். டீசலும் பத்து நிமிடமும் கூடுதலாகச் செலவாகும். செலவாகட்டும்.

பஸ்ஸுக்கு முன்னால் பத்து அடி நடந்து, டிரைவரைப் பார்த்து, பிறகு ரோட்டைக் கடக்க வேண்டும் என்று ஒரு வெளிநாட்டு வீடியோவில் காட்டுகிறார்கள். எங்கள் மாணவர்களுக்கும் அதையே பழக்கலாமா?
*ஆசிரியை, திண்டுக்கல்*

வேண்டாம் டீச்சர். அது அமெரிக்கப் பாடம். அங்கே மஞ்சள் பஸ் சிவப்பு விளக்கு மின்னி நின்றால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றாக வேண்டும், அது சட்டம். நம் ஊரில் பஸ் நின்றால்தான் எல்லோரும் முந்தப் பார்ப்பார்கள். முன்னால் கடந்தால் முந்தி வரும் வண்டி, பின்னால் கடந்தால் எதிரே வரும் வண்டி. அதனால் பஸ் போன பிறகு பெரியவர் ஒருவரோடு கடப்பது ஒன்றுதான் வழி.

அந்த வீடியோவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பத்து அடிக் கணக்கு. பஸ்ஸைச் சுற்றிப் பத்து அடிக்குள் நிற்கும் சின்னப் பிள்ளையை டிரைவரால் பார்க்க முடியாமல் போகலாம், முக்கியமாக பம்பருக்கு நேர் முன்னாலும் இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்திலும். விளையாட்டு மைதானத்தில் பஸ்ஸை நிறுத்தி, சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராக டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, கோட்டுக்குள் நிற்கும் நண்பன் தெரிகிறானா என்று கேளுங்கள். அப்புறம் நீங்கள் விளக்கவே வேண்டாம்.

எங்கள் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது பாதுகாப்பாக இருக்கிறதா? உடனே பதில் தேவை.
*பெயர், ஊர் இல்லை*

என்ன வேன், எத்தனை பிள்ளைகள், உதவியாளர் உண்டா, கதவு எந்தப் பக்கம், எங்கே நிறுத்துகிறார்கள்? ஒன்றையும் எழுதாமல் உடனே பதில் வேண்டும் என்றால் நான் என்ன சொல்ல? இரண்டு பக்கமும் கதவு உள்ள வேனாக இருந்தால் வலது கதவு எப்போதும் பூட்டியிருக்க வேண்டும். மிச்சத்தை முழு விவரத்தோடு எழுதுங்கள்.

ஆயா லீவு. ஒரு நாள் மட்டும் நான் தனியாக டிரிப் அடிக்கலாமா?
*டிரைவர், பெரம்பலூர்*

கூடாது. மாற்று ஆள் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2012-இல் வந்த பள்ளி வாகனச் சிறப்பு விதிகளின்படி உதவியாளர் கட்டாயம். அந்த விதிகள் எதனால் வந்தன என்பதும் நினைவிருக்கட்டும். அந்த வருடம் ஜூலையில் தாம்பரம் அருகே பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக 2ஆம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து சக்கரத்தில் சிக்கி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் அரசு விதிகளை எழுதியது.

பஸ்ஸில் முன்னும் பின்னும் கேமரா, ரிவர்ஸ் சென்சார் எல்லாம் பொருத்திவிட்டோம். இனி ரிவர்ஸ் எடுக்கும்போது ஆள் நின்று பார்க்க வேண்டியதில்லை அல்லவா?
*போக்குவரத்துப் பொறுப்பாளர், தனியார் பள்ளி, திருவள்ளூர் மாவட்டம்*

வேண்டும். கட்டாயம் வேண்டும். 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கம் பகுதியில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி 2ஆம் வகுப்பு மாணவன் இறந்தான். அதற்குப் பிறகுதான் கேமராவும் சென்சாரும் கட்டாயம் என்று விதியைத் திருத்தினார்கள். நல்ல திருத்தம். ஆனால் ஐப்பசி மழையில் பின் கேமராவின் கண்ணாடியில் சேறு அப்பியிருக்கும், டிரைவர் மாலையில்தான் துடைப்பார். ஓடிப்போன பிள்ளையைப் பிடித்து நிறுத்தக் கேமராவுக்குக் கை கிடையாது.

வளாகத்துக்குள் ரிவர்ஸே தேவைப்படாதபடி நிறுத்துங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. ஒரு வாசலில் நுழைந்து, வட்டமடித்து, வெளியே போகும் வழியைப் பார்த்தபடி வரிசையாக நிற்க வேண்டும். மாலையில் எல்லா பஸ்ஸும் இன்ஜினை அணைத்த பிறகுதான் வகுப்புகளை விட வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ஏறி, ஆயாக்கள் எண்ணி முடித்து, மைதானம் காலி என்று ஒரே ஒருவர் கையைக் காட்டிய பிறகு முதல் பஸ் நகரலாம். பத்துப் பேர் பத்து விசில் ஊதினால் எந்த விசில் யாருக்கு என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? இடம் குறுகல், ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்றால், பிள்ளைகள் எல்லோரும் வண்டிக்குள்ளோ வகுப்புக்குள்ளோ இருக்கும்போது மட்டும் எடுங்கள்.

மே மாதம் ஆர்.டி.ஓ. ஆய்வில் ஒட்டிய ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அது அந்த நாளில் வண்டி இருந்த நிலைக்குச் சான்று. தினமும் காலையில் படி, கைப்பிடி, கதவுத் தாழ், தளம் நான்கையும் நீங்களே பாருங்கள்.

பேரன் 1ஆம் வகுப்பு. பஸ் படி உயரம், முதுகில் மூட்டை போல பை. இறங்கும்போது ஒரு நாள் தடுமாறிவிட்டான். எப்படி இறங்கச் சொல்ல வேண்டும்?
*ஒரு தாத்தா, பொள்ளாச்சி*

பையை அவன் தூக்கிக்கொண்டு இறங்கவே கூடாது ஐயா. ஆயா முதலில் இறங்கி, பையை வாங்கி வைத்துவிட்டு, பிறகு அவனை இறக்க வேண்டும். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை ஆயாவிடம், ஒரு நேரத்தில் ஒரு படி. முதல் படி தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் இருந்தால் கீழே கூடுதல் படி ஒன்று பொருத்தச் சொல்லிப் பள்ளியில் எழுத்தில் கேளுங்கள்.

தாத்தா கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொங்குவதெல்லாம் ஆபத்து. கழுத்தில் ஐ.டி. கார்டு கயிறு, பையின் நீண்ட பட்டை, தண்ணீர் பாட்டில் வார், ரெயின்கோட் நாடா, பெரிய பெண்களின் துப்பட்டா. இவை கைப்பிடிக் கம்பியிலோ கதவு இடுக்கிலோ மாட்டிக்கொள்ளும். பிள்ளை இறங்கிவிட்டது என்று நினைத்து டிரைவர் பஸ்ஸை எடுத்தால் இழுத்துக்கொண்டே போகும். பட்டையைச் சுருக்கிக் கட்டுங்கள், கயிறைச் சட்டைக்குள் போடுங்கள், துப்பட்டா இரண்டு தோளிலும் பின் குத்தியிருக்கட்டும். ஆயா கடைசியாக ஏறினால் இதெல்லாம் அவர் கண்ணில் படும். சீட்டில் உட்கார்ந்துகொண்டு "ரைட் போலாம்" சொல்கிறவருக்குப் படாது.

டிபன் பாக்ஸ் பஸ்ஸுக்கு அடியில் உருண்டுவிட்டால்?
*7ஆம் வகுப்பு மாணவி, தென்காசி*

குனியாதே கண்ணு. பஸ்ஸை விட்டுத் தள்ளி நின்று ஆயாவைக் கூப்பிடு. அவர் டிரைவரிடம் சொல்லி, இன்ஜினை அணைக்க வைத்து எடுத்துத் தருவார். பஸ் கிளம்பிவிட்டால் போன பிறகு எடுத்துக்கொள். நசுங்கினால் நசுங்கட்டும், வீட்டில் திட்டினால் இந்தப் பதிலைக் காட்டு.

டிரைவர் எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லுங்கள்.
*புதிதாகச் சேர்ந்த டிரைவர், தருமபுரி*

நல்ல கேள்வி, இப்படிக் கேட்பவர்கள் குறைவு. ஸ்டாப்பிங்குக்கு நூறு மீட்டர் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து இடது இண்டிகேட்டர். இடது ஓரம் ஒட்டி நிறுத்துங்கள். நடுவில் பைக் நுழையும் அளவுக்கு இடைவெளி விடாதீர்கள், இடது பக்கமாக ஏறி வரும் பைக்தான் இறங்கும் பிள்ளையை அடிக்கும். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நாலு இண்டிகேட்டரும் எரியவிட்டு, இடது கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கதவு. ஆயா முதலில் இறங்க வேண்டும். எத்தனை பேர் இறங்கினார்கள் என்று நீங்களும் எண்ணுங்கள், அத்தனை தலையும் பஸ்ஸை விட்டுத் தள்ளித் தெரிய வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் ஹேண்ட் பிரேக்கை எடுக்காதீர்கள், இறங்கிப் பாருங்கள். கதவு மூடிய பிறகுதான் கியர். திருப்பத்தில் நிறுத்தி இறக்காதீர்கள், பஸ் திரும்பும்போது பின்சக்கரம் ஓரத்தை வெட்டிக்கொண்டு வரும். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும்.

எல்.கே.ஜி. மகன் பஸ்ஸில் தினமும் தூங்கிவிடுகிறான். பள்ளியில் இறக்க மறந்துவிடுவார்களோ என்று பயம்.
*ஒரு தந்தை, ஓசூர்*

பயத்தில் நியாயம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் கத்தாரில், கேரளக் குடும்பத்துக் குழந்தை, 4 வயது, பள்ளி பஸ்ஸிலேயே தூங்கிப்போயிருக்கிறாள். கவனிக்காமல் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வெயிலில் மூடிய வண்டிக்குள் அவள் பிழைக்கவில்லை. தென் கொரியாவில் 2019 முதல் பிள்ளைகள் வண்டியின் பின்கோடியில் ஒரு பொத்தான் கட்டாயம். இன்ஜினை அணைத்ததும் டிரைவர் கடைசி சீட்டு வரை நடந்துபோய் அதை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் அலாரம் கத்தும். நம் பஸ்ஸில் பொத்தான் இல்லாவிட்டாலும் நடக்கக் கால் இருக்கிறது. ஆயா சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தபடி கடைசி வரை போய்த் திரும்ப வேண்டும். ஏறியவர்கள், இறங்கியவர்கள் என்று நோட்டில் இரண்டு எண்களை எழுதி, ஆயாவும் டிரைவரும் கையெழுத்துப் போடட்டும். மகனை முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். அவன் வகுப்புக்கு வரவில்லை என்றால் முதல் பீரியடுக்குள் உங்களுக்கு ஃபோன் வர வேண்டும் என்று பள்ளியில் கேட்டு வாங்குங்கள்.

பஸ்ஸைத் தவறவிட்டால் பைக்கில் துரத்திப் போய் அடுத்த ஸ்டாப்பிங்கில் ஏற்றிவிடலாமா?
*ஒரு தந்தை, விழுப்புரம்*

வேண்டாம். முந்திப் போய்க் குறுக்கே நிறுத்தி, பிள்ளையைத் தூக்கி ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிறுத்தத்தை டிரைவரோ ஆயாவோ எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். நிதானமாகப் பள்ளிக்கே கொண்டுபோய் விடுங்கள். பிள்ளை இன்று பஸ்ஸில் வரவில்லை என்று ஆயாவுக்கு ஒரு ஃபோன் போட்டுவிடுங்கள், அவருடைய எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும்.