உலக போலீஸ்னு ஒண்ணு இல்லாதப்போ நாடுகள் ஏன் வர்த்தக சட்டத்த மதிக்குது?

போலீஸ் இல்லதான், ஆனா திருப்பி அடிக்க லைசென்ஸ் கிடைக்கும். 1947ல 23 நாடு சேர்ந்து காட் (GATT)ங்கற வர்த்தக ஒப்பந்தம் போட்டாங்க, அதோட தொடர்ச்சியாதான் 1995ல உலக வர்த்தக அமைப்பு வந்துச்சு. அடிப்படை ரூல் சிம்பிள், ஒரு நாட்டுக்கு இறக்குமதி வரிய குறைச்சா மத்த உறுப்பு நாடுகளுக்கும் அதே ரேட் (தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் மாதிரி விதிவிலக்கெல்லாம் தனி).

மீறினா என்னன்னு கேட்டா பருத்தி கேஸ பாருங்க. அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்கு மானியத்த அள்ளிக் கொடுக்குது, அதனால உலக விலை விழுதுன்னு பிரேசில் 2002ல கேஸ் போட்டு ஜெயிச்சுது, அமெரிக்கா ஒழுங்கா திருத்திக்கல, 2009ல பதிலடி கொடுக்க பிரேசிலுக்கு அனுமதி கிடைச்சுது, அதுவும் வரி மட்டும் இல்ல, தேவைப்பட்டா அமெரிக்க காப்புரிமைலயும் கை வைக்கலாம்னு. அப்புறம்தான் பேச்சுக்கே வந்தாங்க, 2014ல 30 கோடி டாலர் கொடுத்து செட்டில் பண்ணாங்க. கூத்து என்னன்னா நடுவுல கொஞ்ச காலம் சொந்த விவசாயிக்கும் மானியம், பிரேசில் பருத்தித் துறைக்கும் பணம்னு ரெண்டு பக்கமும் அமெரிக்காவே கொடுத்துட்டு இருந்துச்சு!

இப்போ இந்த சிஸ்டம் பாதி முடங்கிதான் கிடக்கு. மேல்முறையீட்டு அமைப்புக்கு புது ஆள் போட அமெரிக்கா சம்மதிக்காததால 2019 டிசம்பர்ல இருந்து அங்க வேலை நடக்கல, தோத்தவங்க அப்பீல் போட்டா கேஸ் அப்படியே தொங்கும்.

கம்பெனிகளுக்குள்ள சண்டைன்னா கதை வேற. 1958 நியூயார்க் ஒப்பந்தப்படி ஒரு நாட்டுல வந்த நடுவர் தீர்ப்ப (கோர்ட்டுக்கு போகாம ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்ட நடுவர் சொல்ற தீர்ப்பு), அதுல சேர்ந்த மத்த நாட்டு கோர்ட்லயும் அமல்படுத்தலாம், என்னைக் கேட்டா தினசரி வியாபாரம் தைரியமா நடக்கறதுக்கு இதுதான் பெரிய காரணம்.