அரைத்த மாவும் மடுவத்துத் தராசும்

கேள்வி: விஞ்ஞானப் புனைகதை என்றாலே ரோபோ, வேற்றுக்கிரகவாசி, விண்கப்பல் என்று நூறு வருடமாக அரைத்த மாவையே அரைக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் கூரை ஒழுகும் லயத்து அறையில் படுப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு? போன இதழில் நான்கு பக்கம் வீண்.
– வாசகர் ஒருவர், மஸ்கெலியா

பதில்: அரைத்த மாவுதான், ஒப்புக்கொள்கிறேன். எந்த மாவு என்று பார்த்தீர்களா?

ரோபோ என்ற சொல்லையே எடுங்கள். செக் எழுத்தாளர் கரேல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகத்தில்தான் அது பிறந்தது. செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் பண்ணையாருக்குச் செய்தே தீரவேண்டிய கட்டாய வேலை. கண்டி இராச்சியத்தில் இராஜகாரியம் என்றார்களே, கிட்டத்தட்ட அது. அவருடைய ரோபோக்கள் இரும்புப் பொம்மைகளும் அல்ல. தசையும் நரம்புமாக, தொழிற்சாலையில் செய்து எடுத்த ஆட்கள். மலிவு, எதிர்த்துப் பேசாது என்று நம்பி ஊர் ஊராக விற்கிறார்கள். கடைசியில் அவர்கள் எதிர்த்து எழும்புகிறார்கள். இதை வாசித்த பிறகும், விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக்களம் உங்கள் ஞாபகத்துக்கு வரவில்லை என்றால், குறை சாபெக்கிடம் இல்லை.

ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1898-இல் வெளிவந்த நாவலில் செவ்வாய்க்கிரகத்தாரை இங்கிலாந்தில் இறக்கினார். முதல் அத்தியாயத்திலேயே, தாஸ்மேனியப் பூர்வகுடிகளை ஐரோப்பியர் அழித்ததை எடுத்துச் சொல்லிவிடுகிறார். தன் நாட்டாரைப் பார்த்து, ‘நாம் செய்ததை நமக்கு ஒருவன் செய்தால்?’ என்று கேட்ட கதை அது.

இனி, விண்கப்பல். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டிக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதை நான் விளக்க வேண்டுமா? 1964-இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவர் உட்கார்ந்து நம்மைத் தலை எண்ணிப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியப் பக்கம், 3,00,000 பேர் இலங்கைப் பக்கம், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்படியொரு கிரகத்தைக் கதையாக எழுதி யாராவது அனுப்பியிருந்தால், நம்பும்படி இல்லை என்று திருப்பியிருப்பேன்.

அப்புறம், உங்கள் ஊருக்கு மேலே நிற்கிற சிவனொளிபாதமலை. 1956 முதல் இந்த நாட்டிலேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1979-இல் வெளிவந்த நாவலில் அந்த மலைக்கு வேறு பெயர் வைத்து, உச்சியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டினார். கணக்குச் சரிவர வேண்டும் என்பதற்காகத் தீவையே பூமத்திய ரேகைக்கு நகர்த்திவிட்டார், மனுஷன்! அங்கே இழுபறி பொறியியலாளருக்கும் பிக்குகளுக்கும். மலையடிவாரத்தில் கொழுந்து பறிக்கிறவர் அந்தக் கம்பத்தை அண்ணாந்து பார்த்து என்ன நினைப்பார் என்பதை எழுத வேண்டியவர் கிளார்க் இல்லை, நீங்கள்.

உங்கள் எரிச்சலில் ஒரு நியாயம் உண்டு. எனக்கு வரும் கதைகளில் விஞ்ஞானியின் பெயர் எப்போதும் டேவிட், ஆய்வுகூடம் அமெரிக்காவில், கடைசி வரியில் எல்லாம் கனவு. அவற்றைப் படித்துப் படித்து எனக்கும் அலுத்துவிட்டது.

பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்துத் தராசைப் பாருங்கள். முள் போய் இலக்கம் வந்துவிட்டது. ஆனாலும் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிக்கிற கை போகவில்லை. அந்தத் தராசுக்கு மூளை வைத்து, எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1942-இல் தன் கதையில் ரோபோக்களுக்கு எழுதிய விதிகளையும் ஏற்றிவிடுவோம். மனிதருக்குத் தீங்கு செய்யாதே என்பது முதல் விதி. அதை மீறாதவரை மனிதர் சொல்வதைக் கேள் என்பது இரண்டாவது. இரண்டு கிலோ கழி என்கிறார் கணக்கப்பிள்ளை. கழித்தால் எதிரே நிற்கும் பெண்ணுக்கு அன்றைய பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழாது. தராசு என்ன செய்யும்?

எழுதி அனுப்புங்கள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும். டேவிட் வேண்டாம்.