முன்னாடி 'டொக்'னு சத்தம் வந்தா மொதல்ல எங்க கை வைக்கணும்?

(பழைய பைக் – வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்)

கேள்வி: என்கிட்ட 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இருக்கு, அப்பா வாங்கினது. ஆறு மாசமா முன் பிரேக் புடிச்சா ஹேண்டில் கிட்ட 'டொக்'னு ஒரு அடி கேக்குது. மெக்கானிக் ஃபோர்க்ல (முன் சக்கரத்த ரெண்டு பக்கமும் தாங்குற ஷாக்) ஆயில் சீல் மாத்தி புது ஆயில் ஊத்துனார், சத்தம் அப்படியேதான் இருக்கு. இப்போ ஃபோர்க் பைப் ரெண்டையும் மாத்தணும்ங்கிறார். மாத்திடவா சார்?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: கொஞ்சம் பொறுங்க தம்பி. 1996லயே உற்பத்தி நின்னு போன வண்டி அது, கம்பெனில இருந்து வந்த பைப்பு இன்னும் நேரா, துரு இல்லாம இருந்துச்சுன்னா அதை கழட்டி போட்டுட்டு கடைல கிடைக்குற ஏதோ ஒண்ண மாட்டுறதுக்கு எனக்கு மனசே வராது. நீங்க எழுதுனதுல முக்கியமான விஷயம் பிரேக் புடிக்கும்போது மட்டும், ஒரே ஒரு அடி. அப்படின்னா என் சந்தேகம் மொதல்ல கோன் செட் மேல (ஹேண்டில் திரும்புறதுக்காக ஃப்ரேம் கழுத்துல இருக்குற கப்பு, கோன், 'பால்'ங்கிற இரும்பு குண்டுங்க), அடுத்தது பிரேக் பிளேட் (பிரேக் டிரம்ம மூடியிருக்குற தட்டு), மூணாவதுதான் ஃபோர்க்.

பிரேக் புடிச்சதும் சக்கரம் நிக்கப் பாக்கும், வண்டி முன்னாடி போகப் பாக்கும், அந்த இழுவைல டீ தண்டு (ரெண்டு ஃபோர்க்கையும் சேத்துப் புடிக்குற 'டீ'யோட நடுத் தண்டு) ஃப்ரேம் கழுத்துக்குள்ள ஒரு நூல் லூஸா இருந்தாலும் நகந்து போய் இடிக்கும், அந்த இடிதான் உங்க கைக்கு வருது. இதை வீட்லயே பாக்கலாம். வண்டிய செண்டர் ஸ்டாண்ட் போட்டு பின்னாடி ஒருத்தர உக்கார வைங்க, முன் சக்கரம் தரைய விட்டு எழும்பும். நீங்க வண்டிக்கு முன்னாடி குத்த வெச்சு உக்காந்து ரெண்டு ஃபோர்க் பாட்டத்தையும் (பைப்பு உள்ள நுழையுற கீழ்க் குழாய்) புடிச்சு உங்க பக்கமா இழுங்க, தள்ளுங்க. இன்னொருத்தர் ஆள்காட்டி விரல டீயும் ஃப்ரேம் கழுத்தும் சேர்ற இடுக்குல வெச்சுக்கணும். கண்ணுக்கு தெரியாத ஆட்டம்கூட விரலுக்கு தெரியும், நகம் லேசா கடிபடுற மாதிரி இருக்கும். இருந்தா கோன் செட்தான். அங்க அசைவே இல்ல, ஆனா பைப்பு பாட்டத்துக்குள்ள நுழையுற இடத்துல விரலுக்கு ஆட்டம் தெரியுதுன்னா அப்போ உங்க மெக்கானிக் சொன்னது சரி, உள்ள தேய்மானம் இருக்கு. அப்பவும் பைப்பு மட்டும்தான் தேஞ்சிருக்கா இல்ல பாட்டமும் சேந்து தேஞ்சிருக்கான்னு பாக்காம காசு குடுக்காதீங்க.

அப்படியே சக்கரம் தூக்குன நிலைலயே ஹேண்டில ஒரு விரலால மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க. நடுவுல வரும்போது 'கடக்'னு ஒரு பள்ளத்துல போய் உக்காருதா? நம்ம வண்டி ஓடுறதுல முக்கால்வாசி நேரம் ஹேண்டில் நேராத்தான் இருக்கு, குழில விழுற அடி எல்லாம் அதே பால் அதே இடத்துலதான் வாங்குது, க்ரீஸும் காஞ்சு போயிருந்தா கப்புல பால் அளவுக்கு குழி விழுந்துடும். இந்த நிலைமைல நட்டை இறுக்கி விட்டா சத்தம் நின்னுடும், நிறைய பேர் அதோட விட்டுடுறாங்க, தயவுசெஞ்சு அப்படி விடாதீங்க. இறுக்கமான கோன் செட்டோட வண்டி நேரா போகாது, மெதுவா போறப்போ ரெண்டு பக்கமும் தள்ளாடும், ஈர ரோட்டுல ரொம்ப ஆபத்து. கப்பு, கோன், பால் எல்லாத்தையும் செட்டாவே மாத்துங்க, பழைய கப்புல புது பால் போடுறது வேலைக்கு ஆகாது. கழட்டும்போது மேல எத்தனை பால் கீழ எத்தனை பால்னு எண்ணி தனித்தனியா வைங்க, சில வண்டில சைஸே வேற வேற. மாட்டினப்புறம் முன்ன பின்ன ஆட்டம் இருக்கக் கூடாது, அதே நேரம் சக்கரம் தூக்கி இருக்கும்போது லேசா தட்டி விட்டா ஹேண்டில் தானா சாயணும், அதுதான் அளவு. ஒரு வாரம் ஓட்டிட்டு மறுபடி செக் பண்ணுங்க, புது கப்பு உக்காந்ததும் கொஞ்சம் லூஸ் வரும்.

கோன் செட் நல்லா இருந்தா பிரேக் பிளேட்டுக்கு வாங்க. டிரம் பிரேக் வண்டில பிளேட் சுத்தாம இருக்க பாட்டத்துல ஒரு கட்டை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், பிளேட்டுல இருக்குற காடி (வெட்டுப் பள்ளம்) அதுல போய் உக்காரும். முப்பது வருஷத்துல அந்தக் காடி தேஞ்சு அகலமாயிடும், பிரேக் புடிச்சதும் பிளேட் மயிரிழை சுத்தி கட்டைல அடிக்கும். சத்தம் அச்சு அசலா கோன் செட் சத்தம் மாதிரியே இருக்கும், அதுதான் ஏமாத்துறது. வண்டிய கீழ இறக்கி பிரேக்க அழுத்தி புடிச்சு முன்ன பின்ன ஆட்டுங்க, இன்னொருத்தர் விரல் காடிமேல இருக்கட்டும், நகர்றது தெரிஞ்சிடும். லேத்துல குடுத்து காடிக்கு வெல்டு வெச்சு அளவா ராவிக்கலாம். இது எழுதும்போதே ஒண்ணு சொல்லணும், பஞ்சருக்கு முன் சக்கரம் கழட்டி மாட்டினா ஒவ்வொரு தடவையும் கட்டை காடிக்குள்ள உக்காந்திருக்கான்னு குனிஞ்சு பாருங்க. வெளிய நின்னா பிரேக் புடிச்ச உடனே பிளேட்டும் சேந்து சுத்தி சக்கரம் லாக் ஆகும். அப்படி விழுந்து முழங்கால் போன ஒருத்தர நான் கண்ணால பாத்திருக்கேன், தாங்க முடியல.

கேள்வி: 2001 ஸ்ப்ளெண்டர் சார். ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போது ஒண்ணும் இல்ல, ஏறி இறங்கினதும் முன்னாடி 'ணங்'னு இரும்பு இரும்புல அடிக்குற சத்தம். எடது பக்க பைப்புல எப்பவும் எண்ணெய் பிசுக்கு.
– திருவாரூர் வாசகி

பதில்: உங்க கேள்விலயே பதில் இருக்கும்மா. எடது ஃபோர்க்ல ஆயில் போயிடுச்சு. ஃபோர்க் அழுந்துறத ஸ்ப்ரிங் பாத்துக்கும், ஆனா அழுந்துன ஸ்ப்ரிங் வேகமா விரியாம புடிச்சு வைக்குறது ஆயில்தான், சின்ன ஓட்டை வழியா போக வேண்டி இருக்குறதால மெதுவா விடும். ஆயில் இல்லைன்னா ஃபோர்க் படார்னு முழுசா நீண்டு மேல முட்டும், அதுதான் அந்த 'ணங்'. இதுவே குழில இறங்கும்போதோ சடன் பிரேக் அடிக்கும்போதோ அடில போய் முட்டுற சத்தம்னா ஸ்ப்ரிங் தளந்திருக்கும், இல்ல ரெண்டு பக்கமுமே ஆயில் கம்மி.

சீல் மாத்தும்போது ரெண்டு பக்கமும் மாத்துங்க, ரெண்டுலயும் ஒரே அளவு ஆயில். கண் அளவா ஊத்த விடாதீங்க, மருந்து பாட்டிலோட வர்ற மில்லி மூடி இருந்தாகூட போதும், அளந்து ஊத்தச் சொல்லுங்க. பழைய ஆயில வெறுமனே வடிச்சு விட்டா உள்ள கொஞ்சம் பழசு தங்கிடும், முழுசா பிரிச்சு கழுவினா அதைவிட கூட புடிக்கும், அதனால கையேட்டுல எந்த வேலைக்கு எந்த அளவுன்னு பாத்துக்கோங்க. வடிஞ்ச ஆயில வெயில்ல வெச்சு பாருங்க, சாம்பல் கலர்ல மினுமினுன்னு இருந்தா பாட்டத்தோட அலுமினியம் தேஞ்சு அதுல கலந்திருக்கு. புது சீல் போடுறதுக்கு முன்னாடி பைப்புல நகத்த மேல இருந்து கீழ ஓட்டிப் பாருங்க, எங்கயாவது சொரசொரன்னு தட்டினா அந்த துருப்புள்ளி ஒரே மாசத்துல சீலை கிழிச்சிடும். வழிஞ்ச எண்ணெய் பிரேக் பக்கம் இறங்கியிருக்கான்னும் பாத்துடுங்க, இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: 1987 புல்லட்ல முன்னாடி எப்பவும் 'கிலுகிலு'ன்னு சத்தம். ஃபோர்க்கா?
– காரைக்குடி வாசகர்

பதில்: அநேகமா இல்லண்ணா. வண்டி நின்னுக்கிட்டு இருக்கும்போது இன்ஜின் ஓடினாலே அந்த சத்தம் வருதான்னு பாருங்க, வந்தா ஃபோர்க் கிடையாது. அப்புறம் ஏதாவது இறக்கமான, ஆள் இல்லாத ரோட்டுல இன்ஜின ஆஃப் பண்ணி நியூட்ரல்ல உருட்டி கேளுங்க. மட்கார்டு ஸ்டே (மட்கார்ட தாங்குற கம்பி), ஹெட்லைட் ரிங், நம்பர் பிளேட், ஹார்ன், மீட்டர் கேபிள், லெக் கார்டு க்ளாம்ப் இதெல்லாம் ஒவ்வொண்ணா கையால அழுத்திப் புடிச்சு பாருங்க, இல்ல பழைய ட்யூப் துண்டு வெச்சு கட்டி ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. நான் ஒரு வண்டிக்கு ரெண்டு நாள் தேடினேன், கடைசில மட்கார்டுக்கு அடில சேறு மூடி கிடந்த ஒரு ரிவெட் விட்டிருந்துச்சு, கழுவினப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு. பாட்டத்துக்கு அடில ஆக்ஸில புடிக்குற கேப் நட்டும் ஸ்பேனர் போட்டு பாத்துடுங்க. அது லூஸா இருந்தா மட்டும் வண்டிய எடுக்காதீங்க, டைட் பண்ணிட்டு எடுங்க.